சிவப்புத் துணி கட்டிய கூடை

இன்று காலை மருமகள் நண்டு அவித்தாள். மஞ்சளும் உப்பும் கலந்த அந்த ஆவி சிதம்பரத்து வீட்டை நிறைத்ததும், கடலூர் துறைமுகத்தில் நீங்கள் வைத்திருந்த அவித்த நண்டுக் கடை நினைவுக்கு வந்துவிட்டது, அக்கா. எழுந்து போனேன். உயிர் நண்டு வந்த கூடையிலேயே அவித்ததைக் கொட்டப் போனவளைத் தடுத்தேன். "வேற பாத்திரம் அவசியமா மாமா?" என்றாள்.

2009 கோடையில் உங்கள் கடையில் சாப்பிட்ட சிலருக்கு வயிற்றுப்போக்கு. என் மச்சானும் அதில் ஒருவர். அழுகிய நண்டு என்றார்கள், காலரா என்றார்கள், கடையை எடுக்கச் சொன்னார்கள். உங்களுக்கு வேறு பிழைப்பில்லை. நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்று என்னைத் தேடி வந்தீர்கள்.

மிச்சமிருந்த நண்டைக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தேன். காலராக் கிருமி மஞ்சளாக வளரும் சோதனைத் தட்டில் பச்சைப் புள்ளிகள்தான் வந்தன. என்மேல் நம்பிக்கையில்லாமல் மறுபடியும் சோதித்தேன். காலரா இல்லை, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற வேறு கிருமிதான். கடல்நீரில் இயல்பாக வாழ்வது, புது நண்டிலும் இருக்கும், கொதித்தால் செத்துவிடும். நீங்களோ நன்றாகக் கொதிக்க வைப்பவர். பிறகு எப்படி வந்தது? ஒருமுறை அவித்துக் காட்டச் சொன்னேன். வெந்த நண்டை, உயிர் நண்டு வந்த அதே ஈரக் கூடையில் கொட்டினீர்கள். வெயிலில் மதியம்வரை அது அங்கேயே இருக்கும்; கூடை ஈரத்திலிருந்த கிருமி அதில் ஒட்டிப் பெருகிவிடும்.

கடை முன்னால் எல்லோரும் கூடியிருக்க, "கூடையால் இருக்கலாம்..." என்று இழுத்தேன்.

"இருக்கலாம்னா எவன் சார் சாப்புட வருவான்? ஆமாவா இல்லியா, சொல்லிப்புடுங்க" என்றீர்கள்.

"ஆமாம். நண்டு நல்ல நண்டு. கூடைதான்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டேன். உங்களைக் காப்பாற்ற வந்து மாட்டிவிட்டேனோ என்று பயம். மச்சான் விடவில்லை: "அப்ப தப்பு உங்க மேலதானே?"

"எம் மேலதான். பின்ன, கடலு மேலயா போடச் சொல்றீங்க?"

புதுக் கூடை ஒன்றின் காதில் சிவப்புத் துணியைக் கட்டினீர்கள். "இன்னிலேருந்து இது வெந்ததுக்கு மட்டும். மொதல்ல வாத்தியாரு சாப்புடட்டும், அவுரு உசுரோட இருந்தா நீங்க குந்துங்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் சாப்பிட்டேன். அடுத்து உட்கார்ந்தவர் மச்சான்.

இந்தத் தையில் நீங்கள் காலமாகிவிட்ட செய்தியையும் அவர்தான் சொன்னார்.

மருமகள் பதிலுக்காக நின்றிருந்தாள். "இருக்கலாம்" என்றுதான் முதலில் வாயில் வந்தது. "ஆமாம்மா, அவசியம்" என்றேன். இன்னும் தயங்கித்தான் சொல்கிறேன், அக்கா. ஆனால் சொல்லிவிடுகிறேன்.