மூக்குப் பக்கத்து இடம்

மார்ச் 4

என் செல்ல மகளுக்கு,

அப்பா சௌக்கியம். எழுதும் கை மேல்வீட்டு டெய்லரம்மாவுடையது, சொல்லும் வாய் என்னுடையது.

ஞாயிறு உன் படகுப் போட்டியை டிவியில் பார்த்தோம். இத்தனை வருஷமும் நாலு பேரில் உன்னை வால் பக்கம் கடைசியாக உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை. இந்த முறை மூக்குப் பக்கம், முதல் ஆள் நீ! "என் பொண்ணுதான் முதல்ல கோட்டைத் தாண்டினா" என்று கத்தினேன். "படகு மூணாவது வந்துச்சு பெரியவரே" என்றார் டெய்லரம்மா. படகை யார் கேட்டது? பதவி உயர்வு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

முதுகு வலி எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதவே மாட்டேன் என்கிறாய்.

அப்பா
(பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் அதிகம்)

மார்ச் 15

அன்புள்ள அப்பா,

அது உயர்வு இல்லை. போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் நாங்கள் உட்காருவோம். வால் பக்கம் இருப்பவள்தான் வேகம் வைப்பாள்; மற்ற மூவரும் அவளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஒன்பது வருஷம் அது என் இடம். இப்போது ஒரு சின்னப் பெண்ணுக்குப் போய்விட்டது. ஆளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அவள் வைத்த வேகத்தில் படகு பறக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

உலகப் போட்டிக்கு மூக்குப் பக்கம் இருக்கிறாயா, விலகுகிறாயா என்று கோச் கேட்கிறார். விலகிவிடலாம் என்றிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சிரிக்க வைத்தது. பிறகு அழவும் வைத்தது. என்ன சொல்லட்டும்?

உங்கள் மகள்

மார்ச் 24

செல்லமே,

விலகி வீட்டுக்கு வந்துவிடு என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். டெய்லரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது உங்க ஆசை. அந்தப் பொண்ணு உங்க ஆசையையா கேட்டுச்சு?" அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்கச் சொன்னேன்.

உன் போட்டி ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம்: மழையில் ஓட்டியது, துடுப்பு உடைந்தது, தொப்பி பறந்தது. ஆனால் கூட இருந்த மூவரின் முகம் ஒன்றுகூட நினைவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனிடம் யோசனை கேட்காதே. நீயே முடிவு செய்.

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வால் பக்கம் உட்கார்ந்தால் கண் முன்னால் வெறும் தண்ணீர். ஒன்பது வருஷம் நானும் பின்னால் இருந்த மூவரைப் பார்த்ததில்லை. இப்போது மூன்று முதுகும் தெரிகின்றன. யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதுகூட. இங்கிருந்து பார்த்து மூவருக்கும் சத்தம் கொடுப்பது என் வேலை. இன்று கரையேறியதும் அந்தச் சின்னப் பெண், "அக்கா, நாளைக்கு இன்னும் சத்தமா கத்துங்க" என்றாள்.

தொண்டை கட்டியிருக்கிறது. மற்றபடி சுகம்.

உங்கள் மகள்