கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும் வார்த்தைகள்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் மகள் மிளகும் அத்தானும் நலம். மகளின் குரலைப் போனில் கேட்டால் பயிற்சியில் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வாரக் கடிதம் கொஞ்சம் நாற்றமடிக்கும். பொறுத்துக்கொள்.

உன் மகள் வாயைத் திறந்தால் கக்காவும் உச்சாவும்தான். செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்தது. வெண்ணெய் தடவிக் கொடுத்த ரொட்டியைப் பார்த்து “கக்கா ரொட்டி” என்றாள். பாலுக்கு வைத்த பெயரை நீயே யூகித்துக்கொள். அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “யார்கிட்டப் பேசுற, தெரியுதா?” என்று அதட்டினார். “குசு அப்பாகிட்ட” என்று பதில் வந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகு குலுங்கியதை அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மாலைக்குள் நாற்காலி, செருப்பு, கீழ் வீட்டுப் பூனை என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது.

இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. முதல் சந்தேகம் பள்ளி வேன்காரர் மேல். கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்து அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. இரண்டு நாள் வேன் வந்து நின்றதும் படியருகே போய், காதில் ஏதாவது விழுகிறதா என்று நின்று பார்த்தேன். அவர் பிள்ளைகளோடு இரண்டாம் வாய்ப்பாடு பாடிக்கொண்டிருந்தார். அடுத்த சந்தேகம் மாடி வீட்டு இரட்டையர் மேல். அவர்களுடைய அம்மா என்னை முந்திக்கொண்டாள். படிக்கட்டில் மறித்து, “உங்க பொண்ணு விளையாட வர ஆரம்பிச்ச பிறகுதான் எங்க பிள்ளைங்க வாய் இப்படி ஆச்சு” என்றாள். உங்க பொண்ணு என்றாள். நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். பரிசோதனைக்கூடத்தில் மாதிரிகளை வாங்கிப் பதிகிற வேலை என்றேன். என்ன மாதிரிகள் என்றார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்த விதத்திலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் நினைத்ததிலும் தப்பில்லை. நாள் முழுதும் டப்பாக்களில் பெயர் ஒட்டி, “கெட்டியா இருந்துச்சா, தண்ணியா இருந்துச்சா?” என்று போனில் கேட்கிறவள் நான்தானே. லீவு நாளிலும் அந்தப் போன் வீட்டுக்கு வரும். ஆக, சந்தேகப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன செய்யட்டும்? அத்தான் வாயில் மிளகாய் வைத்தால் சரியாகும் என்கிறார். சொல்வாரே தவிர செய்யமாட்டார். நான் படித்த கதைகளில் எத்தனையோ குழந்தைகள் வருகிறார்கள். எல்லாரும் நிலாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஒருவர்கூடக் குசுவைப் பற்றிப் பேசுவதில்லை. நீதான் வழி சொல்ல வேண்டும்.

எப்போது வருகிறாய் என்பதையும் எழுது. மூன்று மாதம் துணைக்கு இரு என்றாய். காலண்டரில் அவள் தினமும் போடுகிற பெருக்கல் குறி மூன்று தாள்களைத் தாண்டி நாலாவதற்கு வந்து ஒரு வாரமாகிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை


சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்து பத்து நாளாகிறது. நீ எழுதியிருந்தது இதுதான்: சிரிக்காதே, அடிக்காதே, அதிர்ந்துபோன மாதிரி முகத்தைக் காட்டாதே, இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து போவதுதான், பாத்ரூம் வார்த்தைக்கு பாத்ரூம்தான் இடம், அங்கே போய் ஆசை தீரச் சொல்லிக்கொள் என்று சொல்லிவிடு. இவ்வளவும் அரைப் பக்கத்தில். எப்போது வருகிறாய் என்பதற்கு மட்டும் அந்த அரைப் பக்கத்தில் இடமில்லை. உறையின் மேலிருந்த தபால் முத்திரையில் உன் பயிற்சி விடுதி இருக்கிற ஊர்ப் பெயர் இல்லை. மை கலங்கியிருந்தது, நான் தப்பாகப் படித்திருக்கலாம்.

உன் யோசனை நன்றாகவே வேலை செய்தது. “சித்தி, வார்த்தை வருது!” என்று கத்திக்கொண்டே ஓடுவாள். உள்ளேயிருந்து எதிரொலியோடு ஒரு கக்காப் பாட்டு கேட்கும். முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பெரிய மனுஷி மாதிரி கை துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். சாப்பாட்டு மேசை சுத்தமாகிவிட்டது. ஆசிரியைகூட நோட்டில் பாராட்டி எழுதி அனுப்பினார்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, “எது பாத்ரூம் வார்த்தைன்னு எப்படிச் சித்தி கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி என்று எனக்குப் பெருமை. “நீ சொன்னதும் பெரியவங்க மூஞ்சி மாறுச்சுன்னா, அது பாத்ரூம் வார்த்தை” என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது வேறு கவலை. ஒரு வாரமாகப் பாட்டு இல்லை. யாரிடமும் சொல்லாமல் நழுவிப் போகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுகிறாள். பத்து நிமிடம் முணுமுணுப்பு. என் காலடி கேட்டதும் அதுவும் நின்றுவிடுகிறது. என்னடி செய்கிறாய் என்றால், “ஒண்ணுமில்ல, உச்சா” என்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து, டப்பாவில் பிடித்து வேலைக்கு எடுத்துப்போனேன். தினமும் இருநூறு பெயர் ஒட்டுகிற கைதான், அவள் பெயரை ஒட்டும்போது காகிதம் கோணிக்கொண்டது. சர்க்கரை இல்லை, கிருமி இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது.

உடம்பில் இல்லையென்றால் வேறெங்கே? நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அத்தான் அவளிடம் என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. நேற்று நான் உள்ளே நுழைந்ததும் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். கால் மணி நேரம் ஒரு தாள்கூடப் புரளவில்லை. உன்னைப் பற்றிக் குழந்தையிடம் ஏதாவது சொல்லி வைக்கிறாரா? நீ கிளம்பிய வாரம் உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நாகரிகம் என்று நினைத்திருந்தேன். இப்போது இந்த வீட்டில் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். நான்கு வயதுக் குழந்தையையும் சேர்த்துத்தான்.

இந்த முறையாவது முழுப் பக்கம் எழுது.

தங்கை


செவ்வாய், மாலை

அக்கா,

இன்று எனக்கு லீவு. வேனிலிருந்து இறங்கியவள் பையைப் போட்டுவிட்டு நேரே பாத்ரூமுக்குப் போனாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவில் காதை வைத்து நின்றேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு தெளிவாகக் கேட்டது. “அம்மா, இன்னைக்கு எனக்கு ஜன்னல் சீட்டு. அம்மா, சித்தி பின்னலை இழுத்து இழுத்துப் போடுறா, வலிக்குது. அம்மா எப்ப வருவா? அம்மா, அம்மா, அம்மா.” கடைசியில் அதையே கக்காப் பாட்டின் ராகத்தில் இழுத்துப் பாடினாள். பாடி முடித்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள்.

கதவைத் திறந்ததும் நான் நிற்பதைப் பார்த்து மிரண்டுவிட்டாள். இதை ஏண்டி இங்கே வந்து சொல்கிறாய் என்று கேட்டேன். “நான் வெளியில சொல்லவே இல்ல சித்தி” என்றாள், திருடிப் பிடிபட்டவள் போல. “அம்மான்னா அப்பா மூஞ்சி மாறுது. உன் மூஞ்சியும் மாறுது. பாத்ரூம் வார்த்தைதான அது?”

துண்டை எடுத்து அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டேன், அக்கா.

அவள் பொய் சொல்லவில்லை. காலண்டர் முன்னால் நின்று கேட்கும்போதெல்லாம் நான், “சாப்பிடு, ஆறிடும்” என்றிருக்கிறேன். அத்தான் எழுந்து கை கழுவப் போயிருக்கிறார். அவர் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு ஏன் பேச்சை நிறுத்தினீர்கள் என்றும் கேட்டேன். “அவ அம்மா எப்ப வருவான்னு என் காதுல கேட்டா. எனக்கே தெரியாதே, நான் என்ன சொல்ல? உன் முன்னாடி அந்தப் பேச்செடுத்தா நீ கிளம்பிப் போயிடுவியோன்னு பயம்” என்றார். அவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார், நான் அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். நடுவில் குழந்தை உன்னைக் குளியலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

கூடத்தில் மூவரும் உட்கார்ந்தோம். ‘அம்மா’ எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. என்னை ஒரு தடவை, அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாக, “அம்மா” என்றாள். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. “அப்பா, மூஞ்சி மாறுது பாரு” என்று விரலை நீட்டினாள். “மாறட்டும்மா. நீ சொல்லு” என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவேயில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நேற்று விடுதிக்குப் போன் செய்தேன். பயிற்சி முடிந்து ஐந்து வாரமாகிறது என்றார்கள். உன் பெயருக்கு வருகிற கடிதங்களை ஒரு தோழி வந்து வாங்கிப்போகிறாளாம். அத்தானிடம் இதைச் சொல்லவில்லை. நீ ஏன் போனாய் என்று உன்னைக் கேட்கவும் போவதில்லை. காரணம் இல்லாமல் போகிறவள் இல்லை நீ. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், மகளின் தண்ணீர்ப் பாட்டிலுக்காகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், மிளகுக்கு எழுது. உறையின் மேல் அவள் முழுப் பெயரையும் போடு. வருவதாக இருந்தால் எந்த நாள் என்று எழுது. இப்போதைக்கு இல்லையென்றால் அதையும் எழுது. அவள் அழுவாள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். எது வந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுவேன். நான் எங்கேயும் கிளம்பவில்லை என்று அத்தானிடமும் சொல்லிவிட்டேன்.

எந்த ஊரில், யார் வீட்டில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. உனக்கு நல்ல தூக்கம் வரட்டும். போகும்போது ஒரு பருத்திச் சால்வைதான் எடுத்துப்போனாய். உன் கம்பளிச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். எங்கே அனுப்பட்டும் என்று மட்டும் சொல்.

உன் தங்கை