மீதி ஐந்து மசாலா

ஏங்க,

எங்கள் மருந்துக்கடையில் இன்னொரு பெண் திடீர் லீவு. கூப்பிட்டுவிட்டார்கள், ஓடுகிறேன். நாலு மணிக்கு உங்கள் ஆபீஸ்காரர்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். "மசாலா காப்பி நம்ம கைப்பக்குவம் சார்" என்று மேனேஜரிடம் அளந்தீர்களே, அது இன்றைக்கு நிஜமாகப் போகிறது. முதல் மடக்கிலேயே குட்டு உடைந்துவிடாமல் இருக்க, இதைக் கவனமாகப் படியுங்கள்.

டிகாக்‌ஷன் இறக்கி மூடி வைத்திருக்கிறேன். ஏலக்காயையும் பட்டையையும் தட்டிப் பாலில் போட்டு, சின்னத் தீயில் காய்ச்சுங்கள். வடிகட்டிய பிறகுதான் டிகாக்‌ஷன் ஊற்ற வேண்டும். டிகாக்‌ஷனையும் சேர்த்துக் கொதிக்க விட்டால் கஷாயம்தான்.

"ஏழு மசாலா போடுவேன்" என்று போனில் சொன்னதும் காதில் விழுந்தது. நம் வீட்டுக் காப்பியில் இருப்பது ரெண்டே ரெண்டு. மீதி ஐந்து என்னென்ன என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? காலையிலிருந்து எனக்கு அதே யோசனை. நான் வந்ததும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.

நேற்று, "காப்பி போடறதெல்லாம் ஒரு வேலையா" என்றீர்கள். அதற்கு இது பழிவாங்கல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே காய்ச்சல்.

சர்க்கரை நீல டப்பாவில். வெள்ளை டப்பா உப்பு.

பி.கு.: மேனேஜர் பேச ஆரம்பித்தாலும் பாலை விட்டு நகராதீர்கள். அவர் நிறுத்துவார், பால் நிற்காது.

இன்னொன்று: எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் போட்ட காப்பியை நான் குடித்ததே இல்லை. எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். கஷாயமாகிவிட்டாலும் கொட்டிவிடாதீர்கள்.