முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

மார்ச் 3
கேமரா வந்துவிட்டது. சைக்கிள் கைப்பிடியில் ஒன்று, பின்சக்கரத்துக்கு மேலே ஒன்று. போன வாரம் ஒரு கார்க்காரன் என் முழங்கையை உரசிவிட்டு, நான்தான் குறுக்கே வந்தேன் என்று என்னையே திட்டிவிட்டுப் போனானே, அன்றைக்கே முடிவு செய்தது. சைக்கிளில் மோட்டார் வைத்துக் கொடுத்த கொழுந்தன்தான் இதையும் மாட்டினான். "கிளினிக்குக்குப் போறியா, படம் எடுக்கப் போறியா?" என்று இவருக்குக் கேலி. இருக்கட்டும்.

மார்ச் 5
இன்றைய பதிவில்: ஸ்டியரிங்கை முட்டியால் பிடித்துக்கொண்டு தலை சீவும் ஒருத்தர். பார்க்காமல் கதவைத் திறந்த டாக்ஸி. அதற்கு நான் போட்ட கத்தலும் பதிவாகியிருக்கிறது! பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவளுக்கு இவ்வளவு பெரிய வாயா என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 9
மாட்டினான்! பாலம் தாண்டிய நேர்ச்சாலையில், எதிரே வந்த பேக்கரி வேன் என் முன்னால் குறுக்கே திரும்பியது. பிரேக் பிடித்து, சறுக்கி, வேலிச்செடிக்குள் விழுந்தேன். டிரைவர் இறங்கி ஓடி வந்து என்னமோ சொன்னான் — நான் எங்கே கேட்டேன்? பதிவில் நான் விழுந்த இடத்தை மட்டும் வெட்டி, வேனில் எழுதியிருந்த நம்பருக்கு, பேக்கரி முதலாளிக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 11
முதலாளி போன் செய்தார். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறாராம். "அந்தம்மா பைக் வேகத்துல வந்தாங்கன்னு சொல்றான். முழு வீடியோவும் அனுப்புங்கம்மா. பொய்னு தெரிஞ்சா ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடறேன்." பைக் வேகமாம்! என்ன வாய் பார்.

மார்ச் 12
முழுப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். வேன் தூரத்திலேயே இண்டிகேட்டர் போட்டு, நிதானமாகத்தான் திரும்புகிறது. திரையின் ஓரத்தில் என் வேகம் — நாற்பத்து மூன்று. இந்த மாதிரி மோட்டார் சைக்கிளுக்கில்லாத சைக்கிளுக்கு மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சைக்கிள்தானே, வந்து சேர நேரமாகும் என்று டிரைவர் நினைத்திருக்கிறான். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கொழுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வேகத்தைக் கட்டுப்படுத்துற ஒயரை நான்தான் கழட்டி விட்டேன் அண்ணி. எறும்பு மாதிரி ஊருதுன்னு புலம்புனது நீங்கதானே?" ஆமாம், நான்தான். அந்த நம்பரை மறைத்துவிடலாம், ஒன்றும் பெரிய வேலையில்லை என்றான். இவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சே, வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்தான் என்ன? அனுப்பினால் போலீஸ்காரர்கள் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வார்களோ? அனுப்பாவிட்டால் அந்த ஆளுக்கு வேலை போச்சு. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13
அனுப்பிவிட்டேன். நம்பரோடு. "தப்பு என்னோடது, அவரை வேலைக்குக் கூப்பிடுங்க" என்று போனிலும் சொன்னேன். முதலாளி, சரிம்மா என்றார்.

மார்ச் 16
ஒயரைத் திரும்ப மாட்டியாயிற்று. பாலத்து மேட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் என்னை முந்திப் போகும்போது கையசைத்தார். எனக்கு வந்ததே எரிச்சல்!

மார்ச் 20
அதே இடம், அதே வேன். ஓட்டுவதும் அவரேதான். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன். "நீங்க போங்க" என்று கை காட்டினேன். "இல்ல, நீங்க போங்கம்மா" என்றார். பின்னால் ஒரே ஹாரன். சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

சாப்பிட்டுவிட்டு இவரும் நானும் பதிவைப் பார்த்தோம். நான் மன்னிப்புக் கேட்டது ஹாரன் சத்தத்தில் துளியும் கேட்கவில்லை. அவர் தலையாட்டுவது மட்டும் தெரிகிறது. இவர் அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.