போர்த்தக் கூடாத பக்கம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், முட்டிவலியைத் தவிர பெரிய குறை இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எங்களுக்குப் பாதி சுகம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

சலவைக்கூடத்தில் வேலை குறைந்தபாடில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன, இஸ்திரி மெஷின் முன்னால் நின்று நின்று சாயங்காலம் இந்தக் கால் என்னுடையதுதானா என்று இருக்கிறது. உன் அப்பா கதை உனக்கே தெரியும். நீராவி பைப்புக்குப் பஞ்சு சுற்றித் துணி போர்த்துவதுதான் மனுஷனுக்கு உலகம், எங்காவது ஒரு பைப் மொட்டையாகத் தெரிந்தால் சாப்பாடு இறங்காது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்னமும் ஏணியில் ஏறி எந்த பைப் சுடுகிறது எது ஆறிவிட்டது என்று பார்க்கிறார். சூட்டை அளந்து காட்டும் பேட்டரி மீட்டரெல்லாம் அந்தச் சூட்டில் பொட்டென்று போய்விடுகிறதாம். நீ பேட்டரியே இல்லாமல் பைப் சூட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் மீட்டர் என்று ஒன்றை அனுப்பியபோது, நம் மகள் நமக்காகவே செய்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அது இரண்டே நாளில் கண்ணை மூடிக்கொண்டது, மேனேஜரும் கழட்டிவிடச் சொல்லிவிட்டார். நீயும் பாவம் எத்தனை பேரிடம்தான் போவாய். இதற்கு முன்னால் இதே வித்தையை லாரிப் புகைக்குழாயில் மாட்டலாம் என்றாய், உடம்புச் சூட்டில் ஓடுகிற கைக்கடிகாரம் என்றாய், அடுப்புச் சூட்டில் சுழலும் விசிறி என்றாய். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள், வாங்க மட்டும் ஒருத்தர் இல்லை. போன வாரம் நீ போனில் "இந்த மீட்டரும் ஓடலை, கம்பெனியை மூடிட்டு வீட்டுக்கே வந்துடறேம்மா" என்று அழுதாய். நான் ஆறுதல் சொல்லிவிட்டு போனை வைத்ததும் என்ன செய்தேன் தெரியுமா, உன் அறையைக் கழுவிவிட்டு கட்டிலில் புது விரிப்பு விரித்தேன். நீ அழுதாய், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெற்றவளுக்கு இப்படியும் ஒரு மனசு இருக்கிறது, என்ன செய்ய.

நேற்றுதான் அந்த மீட்டரைக் கழட்டப் போனோம். உன் அப்பாவை இந்த நிலையில் தனியாக ஏணியில் ஏற விடுவேனா, ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நான் நின்றேன், ஸ்பானரும் என் கையில். மேலே ஏறியவர் மீட்டரிலிருந்து என்னத்தையோ உரித்துக்கொண்டிருந்தார். என்ன உரிக்கிறீங்க என்றால், "போர்த்தினதைப் பிரிக்காம எப்படிக் கழட்டறது" என்கிறார். அடக் கடவுளே! நீ அனுப்பிய மீட்டருக்கும் சேர்த்துப் பஞ்சு சுற்றி, துணி போட்டு, தையலும் போட்டிருக்கிறார், எண் தெரியும் இடத்தில் மட்டும் அழகாக ஒரு சின்ன ஓட்டை. நீ கேட்டபோது "நீ சொன்ன மாதிரிதான் மாட்டினேன்" என்று சாதித்தாரே, அது பொய்யில்லை. மாட்டியது நீ சொன்ன மாதிரிதான். மறுநாள் மொட்டையாக இருக்கிறதே என்று போர்த்தியதை அவர் ஒரு கணக்காகவே நினைக்கவில்லை.

ஒரு பக்கம் சுடணும், இன்னொரு பக்கம் ஆறணும், அந்த வித்தியாசத்துலதாம்மா கரண்ட் வருது என்று டீ கிளாஸை வைத்து நீ எனக்குச் சொல்லிக் காட்டியது அப்போது ஞாபகம் வந்தது. போர்வைக்குள் இரண்டு பக்கமும் சுட்டால் அது என்ன செய்யும் பாவம். துணி விலகிக் கொஞ்ச நேரத்தில் அதில் எண் மினுக்கியது. எனக்குத்தான் தெரிந்தது, உன் அப்பா கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "ஸ்பானரைக் குடு, நேரமாவுது" என்று கையை நீட்டுகிறார். கொடுத்தால் முடிந்தது, நீ வந்துவிடுவாய், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணு, அந்த ஸ்பானர் என் கையில் அவ்வளவு கனத்தது.

கொடுக்கவில்லை. இறங்கி வாங்க, மேனேஜரைக் கூப்பிடுங்க என்றேன். மேனேஜரே ஏணியில் ஏறிப் பார்த்தார், இன்றைக்கும் வந்து பார்த்தார், ஓடுகிறது. "பேட்டரியும் வேணாம் வயரும் வேணாம்னா எல்லா பைப்புக்கும் போட்டுடலாமே, உங்க பொண்ணைப் பேசச் சொல்லுங்க" என்றார். உன் அப்பா பிரித்த துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டாதே, நானே போதுமான அளவு திட்டிவிட்டேன்.

அதனால் கம்பெனியை மூடாதே. மேனேஜரிடம் உடனே பேசு. அடுத்து அனுப்புகிற பெட்டியில் இந்தப் பக்கத்தைப் போர்த்தாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் ஒட்டி அனுப்பு, உன் அப்பாவைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ. தலைக்கு எண்ணெய் வை, கண்ட நேரத்தில் காபி குடிக்காதே. எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. எனக்கு அலுப்பாக இருக்கிறது, படுக்கப் போகிறேன். உன் கட்டில் விரிப்பை எடுத்து மடித்து வைக்கத்தான் போனேன், மனசு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் லீவு கிடைத்தாலும் வந்து படுத்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
ஸ்பானரைக் கொடுக்காத உன் அம்மா