தண்ணீர் ஏறுகிறது

ஆகஸ்ட் 4, திங்கள்
கணினிச் சிப்பு விற்கும் கம்பெனியின் கடிதம் வந்துவிட்டது. நாங்கள் வாங்கும் வகையை இனிமேல் செய்யப்போவதில்லையாம். ஷிரே ஆற்றங்கரையில் எங்கள் வெள்ள எச்சரிக்கை நிலையங்கள் பதினான்கு. அலமாரியில் மிச்சம் இருப்பது மூன்று சிப்புகள். புதிய வகைக்குப் பழைய நிரல் புரியாது.

அந்த நிரல் முழுவதும் லிம்பானி அண்ணன் அசெம்ப்ளியில் எழுதியது. சிப்பின் சொந்த மொழி; ஒரு வரிக்கு ஒரு சின்ன அசைவு. நாலாயிரத்து இருநூறு வரிகள். அவரைத் தவிர எவருக்கும் புரியாது. புதிய சிப்புக்கும் அசெம்ப்ளியிலேயே மூன்று வாரத்தில் எழுதித் தருகிறேன் என்கிறார். எந்தச் சிப்புக்கும் பொருந்தும், எவரும் படிக்கக்கூடிய சி மொழிக்கு மாற்றிவிடலாம் என்பது என் கட்சி.

எங்கள் மேலதிகாரி நியாங்குலு மேடம் இருவரையும் பார்த்தார். "நவம்பர்ல மழை. செப்டம்பர் முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. சண்டை எல்லாம் வெளியில."

ஆகஸ்ட் 6, புதன்
சண்டை வெளியில்தான் நடந்தது. சாப்பாட்டுக் கடையில், ந்சிமாக் களிக்கும் உசிபா மீனுக்கும் நடுவில்.

"நீ மினிபஸ்ல போறவ, தங்கச்சி. நான் நடந்து போறவன். வழியில எத்தனை பள்ளம்னு எனக்குத்தான் தெரியும்."

"மினிபஸ்ல ஊரே போகலாம் அண்ணே. உங்க கால்ல நீங்க மட்டுந்தானே போகமுடியும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மீன் முள்ளை மட்டும் விரலால் நெடுநேரம் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்
இரண்டு நாளில் அவருடைய நிரலில் அறுபது வரி புரிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி
நீர்மட்டம் அளந்து சேதி அனுப்பும் பகுதியை சி-யில் எழுதி முடித்தேன். ஓடுகிறது. ஆனால் மின்சாரத்தை அளந்து கணக்குப் போட்டதில்: வெயிலே இல்லாவிட்டால் அவருடையது பேட்டரியில் பதினொரு நாள் தாங்கும். என்னுடையது ஆறு நாள்.

போன மார்ச்சில் ஒன்பது நாள் வெயில் இல்லை. ஏழாம் நாள் என் நிலையங்கள் செத்திருக்கும். அந்த ஊர்களுக்கு வேறு எச்சரிக்கை கிடையாது.

மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். லிம்பானி அண்ணன் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி
அவர் கேட்ட மூன்று வாரம் ஐந்தாகிவிட்டது. அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. போய்ப் பார் என்றார் மேடம்.

போனேன். திரையைப் பார்க்காமலே, "பழைய நிரல்ல சைரன் ஊதுற இடத்தைப் படி" என்றார். படித்தேன். அடுத்த நான்கு வரிகளை அவரே ஒப்பித்தார். பெருமை காட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டினார். கை கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி மேசையில் விழுந்தது.

செப்டம்பர் 13, சனி
அவர் மனைவி எஸ்னாத் போன் செய்தார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. உன்கிட்ட மட்டும் சொல்றேன்." கண்ணில் நீர் அழுத்தம். இரண்டு வருடமாகச் சொட்டு மருந்து. போன பார்வை திரும்பாதாம். இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்.

பழைய நிரல் அவருக்கு மனப்பாடம். இன்னும் எழுதாத நிரலை எப்படி மனப்பாடம் செய்வது?

எனக்கு ஆத்திரம். இரண்டு வருஷமா! இந்தக் கண்ண வச்சுக்கிட்டா சைரன் நிரல்ல கை வச்சாரு? ஒரு எழுத்து தப்பா விழுந்திருந்தா யார் பதில் சொல்றது — எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அவர் நிரல் ஒரு முறைகூடத் தவறியதில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்
"எஸ்னாத் சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க. மேடத்துகிட்ட நீங்கதான் சொல்லணும் அண்ணே."

"சொன்னா? கேட்ல உக்கார வச்சு வர்றவன் போறவன் பேரை எழுதச் சொல்லுவாங்க. அதுக்கும் கண்ணு வேணுமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த வெள்ளி வரைக்கும் இல்ல, அடுத்த வெள்ளி வரைக்கும்" என்று கெடு கொடுத்தேன். பதினெட்டு வருடம் மூத்தவருக்கு.

செப்டம்பர் 17, புதன்
திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை அவர் கணினியில் போட்டேன். முதலில் அவருடைய அசெம்ப்ளி. ஏற்று, நகர்த்து, கூட்டு, தாவு, ஏற்று, நகர்த்து... அரைமணி நேரம். காதுக்கருவியைக் கழற்றினார்.

"நான் எழுதினது என் காதுக்கே புரியல."

பிறகு என்னுடைய சி நிரலைப் போட்டேன். பகுதிகளுக்கு நான் எங்கள் சிச்சேவா மொழியில்தான் பெயர் வைத்திருந்தேன். 'மட்சி அகுக்வேரா' என்று இயந்திரக் குரல் கொச்சையாகச் சொன்னது. தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அவர் தலை நிமிர்ந்தது. "திரும்பப் போடு." மூன்று முறை கேட்டார்.

"சேதி அனுப்பிட்டு ரேடியோவத் தூங்க வைக்கவே இல்லையே நீ?"

பார்த்தேன். ஆமாம். வைக்கவில்லை. மூன்று வாரமாக என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி
ரேடியோ தூங்குகிறது. பேட்டரி பத்து நாள் தாங்கும்.

காலையில் அவர் தனியாக மேடத்தின் அறைக்குப் போனார். இருபது நிமிடம் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்து, "கேட் வேலை ஏற்கெனவே வேற ஆளுக்குப் போயிருச்சாம்" என்றார்.

முடிவு: சி மொழி. சிப்பை உறக்கத்திலிருந்து எழுப்பும் நாற்பது வரி மட்டும் அசெம்ப்ளியில். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நிரலை யார் எழுதினாலும் இனி இருவருமாகச் சரிபார்ப்பது என்று மேடம் உத்தரவு.

நவம்பர் 8, சனி
பதினான்கு நிலையங்களிலும் புதிய சிப்பு மாற்றியாயிற்று. உடம்பெல்லாம் கொசுக்கடி.

ஜனவரி 21, புதன்
எட்டாவது நாளாக வெயில் இல்லை. பிற்பகல் 2.40க்கு ஐந்தாம் நிலையத்தின் சைரன் ஊதியது. 4.15க்கு அந்த ஊர்த் தலைவர் போன் செய்தார். எல்லோரும் பள்ளிக்கூட மேட்டில். இரண்டு ஆடுகள் போயின. ஆட்கள் யாரும் போகவில்லை.

பிறகு நிரலில் யார் எப்போது கைவைத்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு திருத்தங்களும் லிம்பானி என்ற பெயரில். எல்லாம் அவரே காதால் கேட்டுத் தட்டியவை. நான் சரிபார்த்ததோடு சரி. பதின்மூன்றாவது இன்று காலை வந்து எனக்காகக் காத்திருக்கிறது. கூடவே ஒரு குறிப்பு:

"தங்கச்சி, பகுதிகளுக்கு நீ வச்ச இந்த ரெண்டு பேரும் காதுக்கு ஒண்ணாக் கேக்குது. ஒண்ண மாத்து."

மாற்றிவிட்டேன்.