நீர் இறைத்தவன் பெயர்

திருவும் தெளிவும் ஓங்குக. தாழைநாடு ஆளும் குவிரன் இளநாகத் தேவரின் ஆணையால், அமைச்சர் அமுதங்கொற்றன் கருங்கற்கோட்டைக் காவல்தலைவர் பூதி வில்லவருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையும் குதிரைகளும் குடிகளும் நலமே வாழ்க.

எட்டுத் திங்களாக உமது காவலில் இருக்கும் புலவர் எயினந்தையார், முடிசூட்டு விழாவில் வாசிப்பதற்காக, குவிரன் என்னும் அரச பட்டத்தின் பொருளை எழுதித் தரப் பணிக்கப்பட்டவர். உலகு காப்பவன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பட்டாடையோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். மனிதர் அப்படிப்பட்டவர் அல்லர், துறைதுறையாக அலைந்தார்.

நம் மொழியில் அச்சொல் உற்றார் உறவின்றித் தனித்து நிற்கக் கண்டார். தீவார் மொழியிலோ மரத்தோண்டி குவிர்; படகில் புகுந்த நீரை இறைப்பது குவிரல்; இறைப்பவன் குவிரன். இறைப்பவனே கரையில் கடைசியாக இறங்குவான். ஆதலால் அவர்களிடம் உப்பு வாங்கும் மலைநாட்டார், வழிநடையில் பின்னால் வருபவனைக் குவிரன் என்கின்றனர். அவர்களிடமிருந்து சொல்லைப் பெற்ற வடபுல வணிகருக்கோ, பந்தியில் கடைசியாக உண்பவன் குவிரன்.

இதைக் கேட்டு அவை கொதித்தது. இவ்வோலை எழுதும் அமைச்சரும் கொதித்தவர்களுள் ஒருவர், மறைப்பதற்கில்லை. ஏட்டில் தீவார் பற்றிய வரியைச் சுரண்டிவிட்டால் விடுதலை என்றனர். ஓலையைச் சுரண்டலாம், தீவார் வாயைச் சுரண்ட இயலாது என்று சொல்லிச் சிறை புகுந்தார் எயினந்தையார்.

சென்ற திங்கள் நீர் அனுப்பிவைத்த அவர் விண்ணப்பத்தில் விடுதலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. முடிசூடும் அரசர் வெள்ளிக் கொப்பரையிலிருந்து பழைய மரத்தோண்டியால் மும்முறை நீர் முகந்து தோளுக்குப் பின்னால் வீசுவது எதற்காக என்று மட்டும் கேட்டிருந்தார். அரசர் புரோகிதர்களை வினவினார். வழக்கம் என்று சொல்லி அவர்கள் தலையைச் சொறிந்தனர். தோண்டியைக் கருவூலத்திலிருந்து வரவழைத்துப் பார்த்தார். ஒருபக்க விளிம்பு தேய்ந்திருந்தது. அடியில் படகுக்குப் பூசும் கீல் இன்னும் ஒட்டியிருந்தது. வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்ற, அரசர் அதை நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

ஆகவே ஓலை கண்டவுடன் விலங்கை நீக்குக. அவரது ஏட்டை ஓர் எழுத்தும் குறையாமல் அவரிடமே ஒப்படைக்க. அவரை அழைத்துவர அரசரே படகில் வருகிறார். தலைநகர்த் துறையில் முதலில் எயினந்தையார் இறங்குவார், பின்பு துடுப்புக்காரர்கள். அதுவரை அரசருக்கு எவரும் கைகொடுக்க வேண்டா.

தோண்டி முத்திரை இட்டது. இன்று முதல் அரச முத்திரை இதுவே.